மைசூரு பயணத்தில் நல்ல புகைப்படம் எடுப்பது எப்படி? கேமராவுக்கு முன் பார்க்க வேண்டியது கடிகாரம்

மைசூரு: ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணி நெருங்கும்போது மைசூரு அரண்மனை வளாகத்தில் கூடியிருப்போரின் செல்போன்கள் எல்லாம் ஒரே திசையில் உயர்கின்றன. சுமார் 97,000 மின்விளக்குகள் ஒரே நேரத்தில் ஒளிர, கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அடுத்த சில நிமிடங்களில் எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே அமைந்துவிடுகின்றன. கன்னங்கரிய வானம், அதன் நடுவே விவரம் எதுவும் தெரியாத மஞ்சள் ஒளி, அதற்கு முன்னால் அடுத்தவர் கையில் உயர்ந்து நிற்கும் செல்போன் திரை.

இதற்குச் செல்போனைக் குறை சொல்வதில் பயனில்லை. விலை உயர்ந்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருபவரின் படமும் பல நேரங்களில் இப்படித்தான் வருகிறது. எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நின்று எடுக்கப்படுகிறது என்பதே பயணப் படத்தின் தரத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மைசூருவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே போட்டுவிட முடியும்.

கிழக்கு நோக்கிய அரண்மனை

அம்பா விலாஸ் என்று அழைக்கப்படும் இன்றைய அரண்மனை கிழக்கு நோக்கிக் கட்டப்பட்டது. ஆகவே அதன் முகப்பில் காலை வெயில் நேராக விழும். நண்பகலுக்குப் பிறகு சூரியன் கட்டடத்தின் பின்பக்கம் சென்றுவிடும். பிற்பகல் 4 மணிக்கு முகப்பைப் படம் எடுப்பவருக்கு வெளுத்த வானமும் நிழலில் மங்கிய கட்டடமும்தான் கிடைக்கும். செல்போன் தன் மென்பொருளால் நிழலை எவ்வளவு வெளுப்பாக்கினாலும், வளைவுகளுக்கும் தூண்களுக்கும் இருக்க வேண்டிய ஆழம் அந்தப் படத்தில் இருக்காது.

அரண்மனை பார்வையாளர்களுக்குக் காலை 10 மணிக்குத் திறக்கப்படுகிறது. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் நேராக உள்ளே சென்று கூடங்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்த பிறகு நிதானமாக முகப்பைப் படமெடுக்கின்றன. படத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. முதல் ஒரு மணி நேரத்தை வெளிப்புறத்துக்கு ஒதுக்கி, வெயில் ஏறிய பிறகு உள்ளே செல்வதே நல்லது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இது இன்னும் பொருந்தும். அப்போது சூரியன் தென்கிழக்கில் தாழ்ந்து நிற்பதால் 10 மணிக்கும் வெயில் சற்றுப் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு வளைவின் விளிம்பையும் தனித்துக் காட்டும். அதிகாலை வெயிலே வேண்டும் என்பவர்கள் கிழக்கு வாயிலான ஜெயமார்த்தாண்டா வாயிலுக்கு வெளியே நின்று எடுக்கலாம். பார்வையாளர்கள் நுழைவது தெற்கிலுள்ள வராகா வாயில் என்பதால் பலர் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

இந்த அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வினைச் சென்னைவாசிகள் பெயர் தெரியாமலேயே அறிவார்கள். எழும்பூர் ரயில் நிலையத்தின் வடிவமைப்பிலும் உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவருடைய கை உண்டு. இந்தோ சாரசனிக் பாணிக் கட்டடங்களின் அழகு குமிழ் மாடங்களிலும் அடுக்கடுக்கான வளைவுகளிலும் இருப்பதால், நேர் எதிரே அடிக்கும் ஒளியைவிடச் சாய்ந்து வரும் ஒளியே அவற்றுக்குப் பொருந்துகிறது. சென்னையில் உள்ளவர்கள் மைசூரு செல்லும் முன் எழும்பூரில் ஒரு காலைப் பொழுது பழகிப் பார்த்துக்கொள்ளலாம்.

மாலை 7 மணியின் ரகசியம்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் தசரா நாட்களிலும் அரண்மனை விளக்குகள் வழக்கமாக மாலை 7 மணியளவில் ஏற்றப்படுகின்றன. நேரம் மாறக்கூடும் என்பதால் அரண்மனை வாரியத்தின் அறிவிப்பை அன்றைய தினம் பார்த்துக்கொள்வது அவசியம். விளக்கு எரியும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சூரியன் மறையும் நேரம் அப்படி இல்லை. ஞாயிறு மாலைப் படங்களில் காணப்படும் பெரிய வேறுபாட்டுக்கு இதுவே காரணம்.

சூரியன் மறைந்து சுமார் 15 நிமிடங்கள் முதல் 30 நிமிடங்கள் வரை வானம் அடர் நீலமாக இருக்கும். கண்ணுக்கு அது இருட்டிவிட்டதுபோலத் தோன்றினாலும் கேமராவுக்கு அந்த நீலம் நன்றாகவே தெரியும். விளக்குகளின் மஞ்சளும் வானத்தின் நீலமும் ஏறக்குறைய சம அளவு வெளிச்சத்தில் இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் அஞ்சலட்டைகளில் காணப்படும் படங்கள் எடுக்கப்படுகின்றன.

ஜூன் மாதத்தில் மைசூருவில் சூரியன் மறைவது மாலை 6.50 மணியளவில். 7 மணிக்கு விளக்கு எரியும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். 7.05 மணி முதல் 7.20 மணிக்குள் நீலம் நன்கு திரண்டுவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பொருத்தம் ஏதோ ஒரு அளவில் கிடைக்கிறது. மாறாக, தசரா வரும் அக்டோபரில் சூரியன் 6.05 அல்லது 6.10 மணிக்கே மறைந்துவிடுகிறது. 7 மணிக்குள் நீலம் முற்றிலும் கரைந்து கருப்பாகிவிடும். டிசம்பரிலும் அப்படியே. அதிகக் கூட்டம் வரும் பருவத்தில் கருப்பு வானமும், கூட்டம் குறைந்த மழைக்காலத்தில் நீல வானமும் கிடைப்பது வேடிக்கைதான். ஜூன், ஜூலையில் மழை குறுக்கிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் மேகம் மூடிய வானத்திலும் அந்நேரம் நீலம் படரும். மழை விட்ட பிறகு தரையில் தேங்கிய நீரில் விளக்குகள் பிரதிபலிப்பது கோடையில் கிடைக்காத கூடுதல் வரவு.

தசராவுக்குத்தான் செல்ல முடியும் என்றால் வானத்தைப் படத்திலிருந்து நீக்கிவிடுவதே வழி. முழு அரண்மனையையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க முயலாமல், ஒரு மாடத்தையும் அதன் கீழுள்ள வளைவுகளையும் மட்டும் நெருக்கமாக எடுத்தால் கருப்பு வானம் குறையாகத் தெரியாது. திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட, செல்போனில் தனியாக உள்ள தொலைநோக்கு லென்ஸைப் பயன்படுத்துவதே தெளிவைக் காக்கும்.

மஞ்சள் பிழம்பாக மாறாமல் இருக்க

விளக்குகள் எரியும் அரண்மனையை நோக்கிச் செல்போனை நீட்டியவுடன் அது சுற்றியுள்ள இருட்டைக் கணக்கில் கொண்டு படத்தை வெளுப்பாக்கிவிடுகிறது. விளக்குகள் ஒன்றோடொன்று கலந்து உருகி வழிவதுபோலத் தெரிவது இதனால்தான். திரையில் விளக்குகள் உள்ள பகுதியை ஒரு முறை தொட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். ஒவ்வொரு விளக்கும் தனிப்புள்ளியாகத் தெரியும்வரை குறைக்கலாம். திரையில் படம் சற்று இருட்டாகத் தோன்றினால் கவலை இல்லை. இருட்டான பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்க முடியும். வெளுத்துப்போன பகுதியில் மீட்பதற்கு எதுவும் இருக்காது.

இரவு நேர முறையில் செல்போன் சில நொடிகளுக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அந்தச் சில நொடிகள் கை அசையாமல் இருக்க வேண்டும். முக்காலிகளை அனுமதிக்காத இடங்களில் சுவர், கம்பத்தின் அடிப்பகுதி, கைப்பை என எதன் மீதாவது செல்போனைச் சாய்த்து வைத்து, 3 நொடி டைமரைப் போட்டுவிட்டால் விரல் படும் அதிர்வும் இருக்காது. ஃபிளாஷ் சில மீட்டர் தூரத்துக்கு மேல் எட்டாது. அரண்மனையை நோக்கி அடிக்கப்படும் ஃபிளாஷ் முன்னால் நிற்பவரின் பின்னந்தலையைத்தான் ஒளிரச் செய்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது, லென்ஸை மென்மையான துணியால் துடைப்பது. சட்டைப் பையில் கிடந்த செல்போன் லென்ஸின் எண்ணெய்ப் படலம் பகலில் தெரியாது. இரவில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மங்கலான வளையமாக வந்து நிற்கும்.

நண்பகலில் வந்திறங்குபவர்களுக்கு

2022 நவம்பரில் தொடங்கப்பட்ட சென்னை - மைசூரு வந்தே பாரத் ரயில் அதிகாலையில் புறப்பட்டு நண்பகலில் மைசூருவை அடைகிறது. பயணத்துக்கு வசதியான நேரம்தான், படத்துக்கு மிக மோசமான நேரம். உச்சி வெயிலில் கண்களின் கீழ் கருநிழல் விழும், கட்டடங்கள் தட்டையாகத் தெரியும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைக் கூரைக்குக் கீழே கழிப்பதே அறிவுடைமை.

அதற்கேற்ற இடம் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடம். ரவிவர்மாவின் ஓவியங்களுக்காக அறியப்பட்ட இங்குதான் எஸ்.எல். ஹல்தங்கர் தன் மகளை மாதிரியாக நிறுத்தி வரைந்த, கையில் விளக்கேந்திய பெண்ணின் நீர்வண்ண ஓவியம் உள்ளது. பலர் இதையும் ரவிவர்மா வரைந்ததாகவே எண்ணிக்கொள்கிறார்கள். இங்கு கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்பது, எந்தப் புகைப்படப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததல்ல. ஒரே ஒரு சுடர். அதை மறைக்கும் விரல்கள் சிவந்து ஒளிர்கின்றன. முகத்தில் படும் ஒளி கழுத்தைத் தாண்டிச் சேலையில் மெல்லத் தேய்கிறது. மற்றவை எல்லாம் இருளில். ஒளி எங்கிருந்து வருகிறது, எங்கே முடிகிறது என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அன்று மாலை சந்தையில் ஒற்றை விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் பூ வியாபாரி வேறு விதமாகத் தெரிவார்.

மலை, நந்தி, தேவாலயம்

சாமுண்டி மலையில் உள்ள ஒற்றைக்கல் நந்தி சுமார் 16 அடி உயரமும் 24 அடி நீளமும் கொண்டது. 17-ம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் செதுக்கப்பட்டது. எண்ணெய்ப் பூச்சால் கருத்திருக்கும் இதைப் படமெடுக்கும்போது, அரண்மனை விளக்குகளில் நேர்ந்த அதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. சட்டம் முழுவதும் கருப்பாக இருப்பதைக் கண்ட கேமரா அதைச் சாம்பல் நிறமாக வெளுக்கச் செய்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கல் கருப்பாகவும், கழுத்து மணிகளின் செதுக்கல் கூர்மையாகவும் வரும். நந்தியின் அளவை உணர்த்த அருகில் ஒருவர் நிற்பது உதவும். ஆனால் வழிபாடு நடக்கும் இடம் என்பதால் பூசை முடியும்வரை காத்திருப்பதே முறை.

படிகளில் ஏறிச் செல்பவர்கள் அதிகாலையில் புறப்பட்டால் நகரம் பனிமூட்டத்திலிருந்து வெளிப்படுவதைக் காணலாம். விளக்கேற்றும் நாட்களில் மலைச்சாலையின் காட்சி முனையிலிருந்து அரண்மனை பொன்துண்டு போலத் தெரியும். அதைப் படமாக்கத் தொலைநோக்கு லென்ஸ் இல்லாவிட்டால் முயலாமல் கண்ணால் கண்டு மகிழ்வதே மேல்.

1933-ல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம் கொண்டவை. அருகில் நின்று செல்போனை மேல்நோக்கிச் சாய்த்தால் இரண்டு கோபுரங்களும் பின்பக்கம் விழுவதுபோல ஒன்றையொன்று நோக்கிச் சாயும். போதுமான தூரம் பின்னே சென்று, செல்போனைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்தால் இது நேராகிவிடும்.

கல்லில் கையெழுத்து

மைசூருவிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ள சோமநாதபுரம் கேசவர் கோயில் 1258-ல் ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மன் காலத்தில், அவனது தளபதி சோமநாதனால் கட்டப்பட்டது. பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் சேர்ந்து 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கோயிலின் சுவர்களைப் பொதுவாகப் பயணிகள் நேர் எதிரே நின்று, முழுக் கோயிலும் தெரியும்படி எடுக்கிறார்கள். சுவரில் அடுக்கடுக்காக ஓடும் யானைகளும் குதிரைகளும் கொடிகளும் அந்தப் படத்தில் வெறும் கோடுகளாகச் சுருங்கிவிடும். நட்சத்திர வடிவ அமைப்பால் சுவர் உள்ளும் புறமும் மடிந்து செல்கிறது. ஆகவே நாளின் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு மடிப்பில் வெயில் சுவரைத் தழுவியபடி பக்கவாட்டில் விழுந்துகொண்டிருக்கும். கோயிலை ஒரு முறை சுற்றி வந்து அந்த மடிப்பைக் கண்டுபிடித்து, அங்கே ஒரே ஒரு சிற்பத்தை எடுப்பவரிடம்தான் நகைகளின் நுணுக்கம் வரை தெரியும் படம் இருக்கும்.

இங்கே சிற்பங்களின் பீடத்தையும் பார்க்க வேண்டும். இந்தியக் கோயில்களில் சிற்பிகளின் பெயர் தெரிவது அரிது. ஹொய்சளச் சிற்பிகளோ தங்கள் பெயரைப் பொறித்துச் சென்றார்கள். சோமநாதபுரத்தில் மல்லிதம்மா என்ற சிற்பியின் பெயர் பல சிற்பங்களின் அடியில் காணப்படுகிறது. ஆழமற்ற அந்த எழுத்துகள் நேர் வெளிச்சத்தில் கண்ணில் படாது. சாய்வெயில் விழும்போது மட்டும் எழுந்து நிற்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை. சிற்பத்தின் மீது சாய்ந்தும், பீடத்தில் ஏறியும் படம் எடுப்பதைக் காவலர்கள் தடுப்பார்கள். தடுக்க ஆள் இல்லாதபோதும் 750 ஆண்டுகளைக் கடந்த மாக்கல்லுக்கு அந்தச் சலுகை தேவைப்படுகிறது.

சந்தையில் முதலில் பேச்சு, பிறகு படம்

மைசூருவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் இடங்களில் அரண்மனைக்கு அடுத்து வருவது, சயாஜி ராவ் சாலையை ஒட்டிய தேவராஜ சந்தை. கூம்பாகக் குவித்த குங்குமமும் வண்ணப் பொடிகளும், புவிசார் குறியீடு பெற்ற மைசூரு மல்லிகையும், மைசூரு வெற்றிலையும், நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழமும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கின்றன. கடைகளுக்கு மேலே கட்டிய நீலத் தார்ப்பாய் வழியாக வரும் வெளிச்சம் முகங்களையும் மல்லிகையையும் நீலமாக்கிவிடும் என்பதை மட்டும் கவனித்தால் போதும். இரண்டடி நகர்ந்தால் வெள்ளை வெளிச்சம் விழும் இடைவெளி இருக்கும்.

சந்தையில் சிக்கல் வெளிச்சத்தைவிட மனிதர்கள் சம்பந்தப்பட்டது. காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கான லென்ஸ்கள் ஒரு பூ வியாபாரியின் முகத்துக்கு நேரே வந்து போகின்றன. அவர் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார், காட்சிப் பொருளாக அமர்ந்திருக்கவில்லை. தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கும் படத்தில் பெரும்பாலும் ஒரு எரிச்சலான பார்வையோ, திரும்பிய முகமோதான் பதிவாகிறது. நூறு கிராம் மல்லிகை வாங்கி, இரண்டு வார்த்தை பேசி, 'ஒந்து போட்டோ தெகிபஹுதா?' என்று கன்னடத்தில் கேட்டால், 'ஒரு படம் எடுக்கலாமா?' என்பது அவருக்குப் புரியும். தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்வோர் அங்கு உண்டு. வேண்டாம் என்று கையசைத்தால் அத்துடன் நகர்ந்துவிட வேண்டும். குழந்தைகளைப் படமெடுக்கும் முன் பெற்றோரிடம் கேட்பது எங்கும் பொருந்தும் விதி.

அனுமதி கேட்டால் இயல்பு போய்விடும், எல்லோரும் விறைப்பாக நின்றுவிடுவார்கள் என்பது பரவலான தயக்கம். முதல் படத்துக்கு அது உண்மை. அதை எடுத்துக் காட்டிவிட்டு, அங்கேயே சற்று நேரம் நின்றால் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். நான்காவது, ஐந்தாவது படத்தில்தான் பூத்தொடுக்கும் விரல்களின் வேகம் கிடைக்கும்.

இந்தப் பொறுமைக்கு மைசூருவிலேயே ஒரு முன்னோடி உண்டு. இந்தியாவின் முன்னணிப் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான டி.எஸ். சத்யன் 1923-ல் மைசூருவில் பிறந்தவர். யுனிசெஃப், உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றுக்காக நாடெங்கும் பயணம் செய்து படமெடுத்தார். பெரியம்மை ஒழிப்புப் பணி அவருடைய கேமராவில் பதிவானது. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-ல் அவர் எடுத்த குழந்தைகளின் படங்கள் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றிருந்தார். 2009-ல் காலமான சத்யனின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருபவை பெரும் தலைவர்களின் படங்கள் மட்டுமல்ல. அன்றாட வேலைகளில் ஈடுபட்டிருக்கும் சாதாரண மனிதர்களே அவருடைய படங்களின் மையம்.

யானைகளுக்கு அருகில் செல்பி வேண்டாம்

விஜயதசமி அன்று நடக்கும் ஜம்பு சவாரியில் சாமுண்டீஸ்வரி சிலை வைக்கப்பட்ட 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியை யானை சுமந்து செல்கிறது. 2020 முதல் இந்தப் பொறுப்பு அபிமன்யு யானையிடம் வந்தது. ஊர்வலம் அரண்மனையிலிருந்து புறப்பட்டுச் சயாஜி ராவ் சாலை வழியாக வடக்கே பன்னிமண்டபம் நோக்கிச் செல்லும். பிற்பகலில் நடப்பதால் சாலையின் மேற்குப் பக்கம் நிற்பவர்களுக்கு வெயில் முதுகில் இருக்கும், யானையின் மீது நேராக விழும். கிழக்குப் பக்கம் இடம் பிடித்தவர்களுக்குக் கண் கூசும் வெயிலும் நிழலுருவமும்தான். நல்ல இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய கட்டடங்களின் மாடிகளில் ஏறுவது உயிருக்கே ஆபத்து. இதே பகுதியில் உள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து 4 பேர் உயிரிழந்தனர்.

ஊர்வல நாளின் நெரிசலில் படம் எடுப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தசராவுக்குப் பல வாரங்கள் முன்பே முகாம்களிலிருந்து மைசூருவுக்கு வரும் யானைகள், மணல் மூட்டைகளைச் சுமந்து இதே பாதையில் காலை நேரங்களில் நடைப்பயிற்சி செய்கின்றன. இளவெயில், குறைந்த கூட்டம், அலங்காரமற்ற யானை. படத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஊர்வலத்தன்றுகூடக் கிடைப்பதில்லை.

ஆனால் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். 2024 செப்டம்பரில் அரண்மனை வளாகத்தில் தங்கியிருந்த தனஞ்ஜயா, கஞ்சன் என்ற இரு யானைகள் இரவில் தங்களுக்குள் மோதிக்கொண்டு வளாகத்தை விட்டு வெளியே சாலைக்கு ஓடின. பயிற்சி பெற்ற யானைகளே இப்படி நடந்துகொள்ளும்போது, காட்டு யானைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உதகையிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு வரும் சாலையில் வாகனத்தை விட்டு இறங்கிப் படம் எடுப்பது தடை செய்யப்பட்டுள்ளது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் இறங்கிச் சென்று யானையைப் படமெடுக்க முயன்றவர் துரத்தப்பட்டு, மிதிபட்டும் உயிர் தப்பினார். அவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது.

உயிரினங்களைப் படமெடுக்க விரும்புவோருக்குப் பாதுகாப்பான இடம் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். காவிரியின் நடுவேயுள்ள இந்தத் தீவுத் திட்டுகள், பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-ல் சரணாலயமாயின. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அசையும் படகிலிருந்து பறக்கும் நாரையை எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். செல்போனில் இது சிரமம் என்பதால் பறப்பதை விட்டுவிட்டு, பாறையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையையும் கூட்டிலிருக்கும் நாரையையும் எடுக்கலாம். கூட்டுக்கு இன்னும் அருகில் போகும்படி படகோட்டியை வற்புறுத்தக் கூடாது. மிரண்டு எழும் தாய்ப்பறவை விட்டுச் செல்லும் முட்டைகள் வெயிலிலும் காக்கைகளிடமும் சிக்கும்.

எரிந்த அரண்மனையின் படங்கள்

இன்றைய அரண்மனைக்கு முன்பு அதே இடத்தில் மரத்தாலான அரண்மனை ஒன்று இருந்தது. 1897-ல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது ஏற்பட்ட தீயில் அது அழிந்தது. புதிய அரண்மனை 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது. மர அரண்மனையின் முகப்பு எப்படி இருந்தது என்பது இன்று தெரிவதற்கு, தீக்கு முன்பு எடுக்கப்பட்ட புகைப்படங்கள் முக்கியக் காரணம். எடுத்த நாளில் அவை வழக்கமான கட்டடப் படங்கள்தான்.

புதிய அரண்மனையின் கல்யாண மண்டபச் சுவர்களில் தசரா ஊர்வலத்தைக் காட்டும் 26 ஓவியங்கள் உள்ளன. 1930, 40-களில் தீட்டப்பட்ட இவை உண்மையான புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டவை. அன்று அம்பாரியில் மன்னர் அமர்ந்து சென்றார். இன்று அந்த இடத்தில் சாமுண்டீஸ்வரி சிலை. மன்னரின் ஊர்வலத்தில் யார் எந்த வரிசையில் நடந்தார்கள், என்ன உடை அணிந்தார்கள் என்பதை இந்த ஓவியங்கள் துல்லியமாகச் சொல்கின்றன.

தேவராஜ சந்தையின் வடபகுதி 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. நூற்றாண்டைக் கடந்த அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அரண்மனையின் முகப்பை அடுத்த ஆண்டும் அதே கோணத்தில் எடுக்க முடியும். சந்தையின் மரக்கதவு, கையால் எழுதிய பெயர்ப்பலகை, தராசு, கடைக்காரர் அமரும் மேடை ஆகியவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு ஞாயிறு மாலையில் எடுக்கும் 40 அரண்மனைப் படங்களில் 10-ஐக் குறைத்து, அந்த நேரத்தைச் சந்தையின் சந்துகளுக்குத் தந்தால் இழப்பு எதுவும் இல்லை.

அப்படி எடுத்த படங்கள் நிலைக்க வேண்டுமானால் அவை செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் அளவில் சுருங்குவதுடன், எடுத்த தேதி, இடம் பற்றிய தகவலையும் இழந்துவிடுகிறது. உறவினர் குழுவில் பகிர்ந்துவிட்டோம், படம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி மூலப்படத்தை அழித்துவிடுவோர் பலர். மூலப்படத்தை ஆவணமாக அனுப்பினால் அந்தத் தகவல்கள் அப்படியே செல்லும். ஊர் திரும்பிய வாரத்திலேயே வன்தட்டு ஒன்றிலும் இணையச் சேமிப்பிலும் தனித்தனியாகப் பிரதி எடுத்து, கோப்பின் பெயரில் இடத்தையும் கடைக்காரர் சொன்ன தன் பெயரையும் எழுதி வைக்கலாம். படத்தின் ஒரு பிரதியை அச்சிட்டு, அடுத்த முறை செல்லும்போது அந்தக் கடையில் கொடுக்கலாம்.